டாவோஸ் ஏரிக்கரையில் மூன்று மாலைகள்

டாவோஸுக்குப் போகிறவர்கள் பனிச்சறுக்கத்தான் போவார்கள். நான் தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தீபாவளியன்று, மடியில் ஒரு பெட்டி செவ்வந்திப் பூவோடு போனேன். பனிச்சறுக்கத் தெரியாது என்பது வேறு கதை. நேபாளத்துக்குப் போகத் திட்டமிடும் சிலர் அங்குள்ள பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நான் இன்றுவரை நேபாளத்தில் கால் வைத்ததில்லை. எனக்குத் தெரிந்த நேபாளம் முழுவதும் டாவோஸில் பார்த்ததுதான். ஆனாலும் எழுதுகிறேன்.

சுவிசுக்கு வந்த புதிதில் டாவோஸ் ஹோட்டல் ஒன்றில் கோப்பை கழுவினேன். பக்கத்தில் நின்று கழுவியவன் தில் பகதூர். நேபாளத்துக்கு மலையேறப் போன சுவிஸ்காரர் ஒருவர், அவனைப் பிடித்துப்போய் இங்கே கூட்டிவந்து வேலையில் சேர்த்துவிட்டிருந்தார். அந்த அடுக்களையில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் நாலைந்து பேர் இருந்ததால், அவன் ஜெர்மன் படிக்க முன்னமே தமிழ் படித்துவிட்டான். அது பெரிய இலக்கணத் தமிழ் என்று நினைத்துவிடாதீர்கள். ‘டேய்’, ‘மச்சான்’, ‘போடா விசரா’, இவ்வளவும் வந்தபிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. பிறகு எனக்கு வின்டர்தூரில் முதியோர் இல்லமொன்றில் வேலை கிடைத்தது. அவன் அங்கேயே நின்றுவிட்டான்.

அந்த ஐப்பசியில் போன் எடுத்தான்.

“மச்சான், என்ர பெர்மிட் முடியுது. வாற கிழமை ஊருக்குப் போறன். நீ தீபாவளிக்கு வா. வரேக்க மூண்டு மாலைக்குப் பூ கொண்டு வா.”

“எதுக்கடா மாலை?”

“போறதுக்கு முன்னம் மீத் கட்டுவம்.”

மீத் என்பது நேபாளிகளின் வழக்கம். வேறு சாதி, வேறு ஊர், வேறு பாஷை என்றாலும் மனம் ஒத்த இரண்டு பேர் சடங்கு செய்து உறவாகிவிடலாம். அதற்குப் பிறகு இருவரும் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. ஒருவரின் தாய் தகப்பன் மற்றவருக்கும் தாய் தகப்பன். ஒருவர் பிள்ளையை மற்றவர் பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்கவும் முடியாது. அடுக்களையில் அவன் இதைச் சொன்னபோது, வேலையில்லாதவர்களின் விளையாட்டு என்று நான் சிரித்திருக்கிறேன். போனில் கேட்டபோது சிரிப்பு வரவில்லை. எனக்கு அப்போது எஃப் பெர்மிட், அகதிகளுக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது. சுவிசை விட்டு வெளியே போக ஏலாது. அவன் போனால் போனதுதான், இனி அவன் முகத்தைக் காணப்போவதில்லை. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

காலை ஏழு மணிபோல வின்டர்தூரில் ரயில் ஏறினேன். சூரிச்சில் ஒருமுறை, லண்ட்குவார்ட்டில் ஒருமுறை மாறவேண்டும். எல்லாமாக மூன்று மணித்தியாலம் பிடிக்கும். பாதிக் கட்டணத்துக்கான ஹால்ப்டாக்ஸ் அட்டை வைத்திருந்ததால் போகவர ஐம்பத்துச் சொச்சம் பிராங்கோடு முடிந்தது. லண்ட்குவார்ட்டிலிருந்து சின்னச் சிவப்பு ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். ஏறும்போது இடப்பக்கமா வலப்பக்கமா நல்லது என்று கேட்காதீர்கள், நான் பூப்பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூவில் ஒரு பிழை நடந்துவிட்டது. ஐப்பசிக் கடைசியில் இங்கே செவ்வந்தி மலிவு. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை. எதிரே இருந்த வயதான சுவிஸ் பெண்மணி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் கையைத் தொட்டு, “யாருடைய கல்லறைக்கு?” என்று மெதுவாகக் கேட்டார். அப்போதுதான் விளங்கியது, இந்த நாட்டில் அது கல்லறையில் வைக்கும் பூ. ஒருவரும் சாகவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. “ஒரு சினேகிதன், போகிறான்” என்றேன். அவர் கிளோஸ்டர்ஸில் இறங்கும்வரை என்னோடு துக்கமாக இருந்தார். நல்ல மனுஷி.

டாவோஸில் இரண்டு நிலையங்கள் உண்டு. ஏரிக்குப் போகிறவர்கள் முதலில் வரும் டாவோஸ் டோர்ஃபில் இறங்கவேண்டும். அங்கிருந்து ஏரிக்கரை பத்துப் பதினைந்து நிமிட நடை. கோடைக்கும் பனிக்கும் இடைப்பட்ட காலம் என்பதால் பாதி ஹோட்டல்கள் மூடிக்கிடந்தன. தில் தலையில் தொப்பி, கையில் ஒரு தட்டு, தட்டில் தயிரில் குழைத்த அரிசியும் குங்குமமும் வைத்துக்கொண்டு நிலையத்திலேயே நின்றான். குளிரில் மூக்குச் சிவந்திருந்தது.

“என்னடா, மாப்பிள்ளை மாதிரி நிக்கிறாய்?”

“நீ மட்டும் என்ன, செத்தவீட்டுக்கு வந்த ஆள் மாதிரி நிக்கிறாய்” என்றான். அது இங்கே கல்லறைப் பூ என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து இரண்டு பேரும் மாலை கட்டினோம். எதிரெதிரே நின்று ஒருவர் கழுத்தில் ஒருவர் போட்டோம். தயிர் அரிசியை நெற்றியில் அப்பினோம். சில்லென்று மூக்குவரை வழிந்தது. ஒரு பிராங் நான் கொடுத்தேன், ஒரு ரூபாய் அவன் கொடுத்தான். அவன் தன் தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தான். அம்மா மட்டக்களப்பிலிருந்து அனுப்பிய, இடுப்பில் கட்டும் புதுச் சாரத்தை நான் அவன் தோளில் போட்டேன். பிறகு குனிந்து ஒருவரையொருவர் கும்பிட்டோம்.

நிமிர்ந்தால், நாயோடு உலாவ வந்த ஒரு பெண் வாயில் கை வைத்தபடி நிற்கிறார். “கல்யாணமா?” என்று கேட்டார், மிகவும் மரியாதையாக. காலையில் செத்தவீடு, மத்தியானம் கல்யாணம், பூ மட்டும் அதேதான். தில் சளைக்காமல், “இல்லை, சகோதரர்கள் ஆகிறோம்” என்று ஜெர்மனில் சொன்னான். பிறகு மூன்றாவது மாலையை எடுத்தான். எங்கள் தீபாவளி நாள் நேபாளிகளுக்கு நாய்களின் நாளாம். வருடம் முழுக்கக் காவல் காத்த நாய்க்கு அன்று மாலையும் பொட்டும் நல்ல சாப்பாடும். அவரிடம் அனுமதி கேட்டு, நாய்க்கு மாலை போட்டுப் பொட்டும் வைத்தான். நாய் பொறுமையாக நின்றது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதுவரைக்கும் எல்லாம் நல்லாக இருந்தது. தேநீர் குடிக்கப் போன இடத்தில்தான் பிரச்சினை. “டேய் தில்லு, சீனி எடு” என்றேன்.

“அப்பிடிச் சொல்லக்கூடாது, மீத்ஜ்யு. இனிப் பேர் சொல்லக்கூடாது, மீத்ஜ்யு எண்டுதான் கூப்பிட வேணும். டா போடக்கூடாது. பகிடி விட்டுச் சிரிக்கக்கூடாது. நீங்க எண்டுதான் கதைக்க வேணும்.”

“விசரா உனக்கு?”

“அதுவும் சொல்லக்கூடாது” என்று சீனியை இரண்டு கையாலும் நீட்டினான்.

எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. ஒரு நல்ல சினேகிதனைக் கொடுத்து ஒரு சம்பந்தியை வாங்கியது மாதிரி இருந்தது. நான் திரும்பும்போது ரயில் மேடையில் நின்று, “போயிட்டு வாங்க மீத்ஜ்யு. அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க. இனி அவ எனக்கும் அம்மா” என்றான். வாய் உபசாரம் என்று நினைத்தேன். ரயில் புறப்பட்ட பிறகு, யாரும் பார்க்காமல் அழுதேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐப்பசிக் கடைசியில் டாவோஸில் கடைகள் குறைவு, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். காலுக்குத் தடித்த சப்பாத்துப் போடுங்கள். சுவிசில் ஒருவர் வீட்டுக்கும் செவ்வந்தி கொண்டுபோகாதீர்கள். நேபாளத்தில் யாராவது உங்களை மீத் கட்டக் கேட்டால், பயணத்தில் ஒரு படம் எடுப்பதுபோல் நினைத்துத் தலையாட்டாதீர்கள். அவர்கள் அதைக் கடைசிவரை வைத்திருப்பார்கள்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு வருடம் கழித்து அம்மா மட்டக்களப்பில் காலமானார். என்னால் போக முடியவில்லை. நேபாளத்தில், பொக்காராவில், தில்லின் பக்கத்து வீட்டு போனுக்கு எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை, வைத்துவிட்டான். எனக்கு மனம் விட்டுப்போயிற்று. ஐந்தாம் நாள் என் அறையில் போன் அடித்தது.

“மீத்ஜ்யு, அண்டைக்கு எனக்குக் கதைக்க ஏலாமப் போச்சு. அம்மாவுக்காக உப்பு சாப்பிடாம இருக்கிறன். எங்கட முறையில மீத்தின்ர அம்மாவுக்குத் துக்கம் அஞ்சு நாள். இண்டையோட முடியுது. ஆனா உங்கட வீட்டில எத்தினை நாள் எண்டு தெரியேல்ல. சொல்லுங்க, அதுமட்டும் இருக்கிறன்.”

எங்கள் வீட்டில் முப்பத்தொரு நாள். சொன்னால் இருந்துவிடுவான். ஒருநாளும் கண்ணால் காணாத ஒரு மனுஷிக்காக, அந்தச் சாரத்தைக் கட்டிக்கொண்டு, உப்பில்லாத சோற்றோடு இருந்துவிடுவான்.

“காணும், இனிப் போதும்” என்றேன். “சாப்பிடுடா.”

டா போட்டதற்கு அன்றைக்கு அவன் ஒன்றும் சொல்லவில்லை.