வாட்ச்மேனின் தீப்பெட்டி

கொரட்டூரில் எங்கள் ஃபிளாட் வாட்ச்மேன் பீடி குடிக்காதவர். ஆனாலும் சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். கேட் ஓரமாக அவர் வளர்த்த கறிவேப்பிலையை, புழு வருகிறதென்று செகரட்டரி வேரோடு பிடுங்க வைத்தார். ஒரே மாதத்தில் செகரட்டரி வீட்டுத் தொட்டி எலுமிச்சை மொட்டையாகிவிட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது வாட்ச்மேன்தான்.

"தீப்பெட்டில என்னண்ணே?" என்றேன்.

தீப்பெட்டியைத் திறந்தார். இலைத்துண்டில் கடுகைவிடச் சின்ன முட்டைகள்.

"கறிவேப்பிலைல வந்த அதே புழுவாகி எலையத் துன்னும், கூடு கட்டும், பட்டாம்பூச்சியா பறந்துடும் சார். அப்பால முட்டை போட எலுமிச்சையத் தேடிகினு வரும். எனக்கு இன்னா அவசரம்?"

செடியைப் பிடுங்கச் சொன்ன மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"உங்க பால்கனிலயும் எலுமிச்சை கீதுல்ல சார்?" என்றார். சிரிக்கவில்லை.