அப்பாவை முந்திய ஓட்டம்

எதையும் அளந்து பார்த்த பிறகுதான் அப்பா நம்புவார். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இஞ்ச் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடக்கும். குளிக்கப் போகும்போது மட்டும் கதவில் தொங்கும். அத்தைக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சேலையையே அளந்துவிட்டு, அரை இஞ்ச் குறைகிறது என்று சபையில் சொல்லி அத்தையிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவரிடம், பள்ளிக்கூடத்தில் என்னை அளக்கப் போகிறார்கள் என்று சொன்னால் கேட்கவா வேண்டும்?

நான் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். கோ-கோ அணியில் சேர வேண்டும் என்பதுதான் அந்த வயதில் எனக்கிருந்த ஒரே ஆசை. ஆனால் நான் ஊதினால் பறந்துவிடுவேன் என்று அணிக்காரிகள் என்னிடம் தங்கள் செருப்புகளையும் தண்ணீர் பாட்டில்களையும்தான் ஒப்படைப்பார்கள். அந்த வருடம் வந்த புது பி.டி. சார், இனி ஆளைப் பார்த்து எடுப்பதில்லை, உடல் தகுதியை அளந்துதான் எடுப்பேன் என்று அறிவித்துவிட்டார். வேகம், வலிமை, தாங்கும் திறன், வளையும் தன்மை, சுறுசுறுப்பு என்று ஐந்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை உண்டு என்றார். எனக்கு விடிவுகாலம் பிறந்துவிட்டதாகவே நினைத்தேன்.

ராத்திரி சாப்பாட்டில் அந்த ஐந்தையும் அப்பா என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார். பிறகு அவர் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். வலிமை என்றால் நூலின் பலம். வளையும் தன்மை என்றால் இழுத்தால் நீளும் லைக்ரா. தாங்கும் திறன் என்றால் எத்தனை வாஷ் தாங்கும் என்பது. மற்ற இரண்டுக்கும் பனியன் துணியில் இடமில்லை என்பதால் அவற்றைக் கண்டுகொள்ளாமல் ரசத்துக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை சோதனை. ஞாயிறு காலையில் அப்பா கூடத்தில் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொன்னார். எழுந்திரிக்கக் கூடாது என்றும் சொன்னார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க, அதென்ன புள்ளையா, துணியா?”

“ரோலு பிரிச்ச துணியவே ஒரு நாள் ரிலாக்ஸ் விட்டுத்தான் வெட்டறோம். இல்லீன்னா அளவு பொய் சொல்லும். நாளைக்கு இவளை அளக்கறாங்கல்ல?”

அம்மா கறி நறுக்கப் போய்விட்டார். நானும் நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன். கறிச்சோறுகூடப் படுத்த வாக்கில்தான். அவ்வப்போது என்னைப் புரட்டிப் போடும் பொறுப்பு தம்பிக்கு. அதை அவன் மிகுந்த மகிழ்ச்சியோடு செய்தான். மறுநாள் கால் அலுக்கக் கூடாது என்று அப்பா மொபெட்டில் கொண்டுபோய் மைதானத்து வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மற்றவர்கள் எல்லாம் குதித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருந்தார்கள். நான் மட்டும் என் ரிலாக்ஸ் கலைந்துவிடாமல் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். வளையும் தன்மைச் சோதனைக்கு, காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்துக்கு முன்னால் வைத்த பெட்டியின் மேலிருந்த அளவுகோலில் விரலைத் தள்ள வேண்டும். என் விரல் கால் கட்டைவிரலைக்கூட எட்டவில்லை. மைதானத்தைச் சுற்றி ஓடும்போது விலாவில் பிடித்துக்கொண்டது. அணியில் என் பெயர் இல்லை. நேற்று என்ன செய்தாய் என்று சார் கேட்டதும், அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அப்பாவை வரச் சொன்னார்.

துணி கிடந்தால் அளவுக்கு வரும், உடம்பு கிடந்தால் விறைத்துத்தான் போகும், ஓடிக் குதித்துச் சூடேற்றிய பிறகுதான் அதை அளக்க வேண்டும் என்று சார் பொறுமையாக விளக்கினார். அரையாண்டு விடுமுறை முடிந்ததும் இன்னொரு சோதனை உண்டு, அதுவரை தினமும் ஓடவையுங்கள் என்றார். அப்பா தலையாட்டிவிட்டு, துணிக்கு விடுவதுபோல் அளவில் பிளஸ் ஆர் மைனஸ் ஏதாவது விட்டுக்கொடுப்பீர்களா என்று கேட்டார். அதெல்லாம் கிடையாது என்று சார் சொல்லிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார்.

“தப்பு என்ற மேலதான் கண்ணு. பீஸ்ல ஒரு கொறையும் இல்ல.”

அந்த ஒரு வார்த்தையில் என் அழுகை நின்றுபோனது.

மறுநாளிலிருந்து அப்பாவும் என்னோடு ஓடினார். எக்ஸ்போர்ட்டில் தள்ளிவிட்ட டீ-சர்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு, சாயப்பட்டறைச் சுவரை ஒட்டி நொய்யல் பாலம் வரை போய்த் திரும்புவோம். முதலில் அவர்தான் முன்னால் ஓடிப் பாலத்தில் எனக்காகக் காத்திருப்பார். பிறகு சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் தேதி நெருங்கியது. கம்பெனியில் விடிய விடிய வேலை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் வந்து, டேப்பைக் கதவில் மாட்டிவிட்டு, “வா கண்ணு” என்று கிளம்பிவிடுவார்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் பாலத்திலிருந்து திரும்பும்போது நான் அப்பாவை முந்தினேன். திரும்பிப் பார்த்தால் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி சிரித்துக்கொண்டிருந்தார். லைன் வீட்டு வரிசை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பல் துலக்கினேன். அப்பா என்னையும் மிஞ்சிவிட்டார். டீக்கடையில் அறிந்தவர் அறியாதவர் எல்லாரையும் நிறுத்தி, “என்ற புள்ள என்னைய முந்திருச்சுங்க” என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சோதனையில் என் விரல் கட்டைவிரலைத் தாண்டிப் போனது. ஓட்டத்தில் விலா பிடிக்கவில்லை. சார் அணியில் என் பெயரைப் படித்தபோது, கம்பி வேலிக்கு வெளியே நின்றிருந்த அப்பா கைதட்டவில்லை. உள்ளே வந்து, சாரிடம் அனுமதி கேட்டு, வலிமைச் சோதனைக்காக மணலில் நான் தாண்டிய தூரத்தைத் தன் டேப்பால் தானே ஒருமுறை அளந்து பார்த்தார். அப்புறம்தான் அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்கு என்னைவிடப் பெருமையாக அந்த மைதானத்தில் ஒருவர் இருந்தார் என்றால் அது அவர்தான்.

ஆனால் எனக்கு அணியில் சேர்ந்ததைவிட அப்பாவை முந்தியதுதான் பெரிய பெருமை. முந்திய அன்றைக்கே பி.டி. சாரைப் போலக் கையைக் கட்டிக்கொண்டு அவருக்குத் தீர்ப்பும் சொல்லியிருந்தேன்.

“உங்களுக்கு வேகமெல்லாம் இருக்குதுங்கப்பா. தாங்கும் திறன்தான் பத்தாது.”

முந்தின நாள் காலையில் கட்டிங் டேபிள் முன்னால் நிற்கத் தொடங்கி, இரவெல்லாம் நின்றுவிட்டு, உட்காராமல் என்னோடு ஓட வந்த கால்களைப் பார்த்துத்தான் அதைச் சொன்னேன். நான் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவரும் அதைச் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டே, “ஆமா கண்ணு, அது கொஞ்சம் பத்தலதான்” என்று ஒப்புக்கொண்டார்.