பிஸ்கட்டின் இலையில் வெள்ளைத் தூள்

லண்டன் குட்மேய்ஸில் இருந்த எங்கள் வீட்டில் பிஸ்கட்டுக்கு வேண்டாதவர்கள் அதிகம். பிஸ்கட் என்பது நான் வளர்த்த பியர்டட் டிராகன், தாடி வைத்த ஓணான் மாதிரி ஒரு பிராணி. முழங்கை நீளம், மணல் நிறம், கோபம் வந்தால் தாடி கறுத்து ஊதும். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் வீடு மாறும்போது கண்ணாடிப் பெட்டி, சூட்டு விளக்கு, வெயிலுக்குப் பதிலாக எரியும் நீளமான யூவி விளக்கு எல்லாவற்றோடும் அதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அம்மா அதை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "உந்த ஓணான்" என்பார். அதற்குத் தீனியாக வாங்கிய வெட்டுக்கிளிகளில் ஒன்று தப்பிப்போய்ச் சாமிப்படத்தின் மேல் ஏறி இருந்த நாளிலிருந்து அந்தச் சொல்லில் காரம் கூடிவிட்டது. அப்பா எவர் பக்கமும் சேரமாட்டார். எனக்கு அப்போது பத்து வயது. இந்த உலகத்தில் பிஸ்கட்டுக்கு என்னை விட்டால் நாதியில்லை என்று உறுதியாக நம்பினேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சின்னம்மா வந்தார், அம்மாவின் தங்கை. நான் நீச்சல் வகுப்பு முடிந்து வந்தபோது பின்னறைக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒரு தோள்பையைத் தவிர வேறு சாமான் இல்லை. சித்தப்பா வரவில்லையா என்று கேட்டேன். "போய் ஈர உடுப்பை மாத்து" என்றார் அம்மா. நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது.

பிஸ்கட்டின் பெட்டியும் அந்தப் பின்னறையில்தான் இருந்தது. அதுவரை நினைத்த நேரமெல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தவள், இப்போது வாசலில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. நான் நின்றால் சின்னம்மா எழுந்துவிடுவார். உடனே கட்டில் விரிப்பை இழுத்துச் சரி செய்வார், அல்லது கைப்பேசியை எடுத்து எனக்குத் தெரியும்படி மேசையில் வைப்பார். மடியில் கனம் இல்லாதவர் இப்படியா பதறுவார் என்று யோசித்தேன்.

சில வாரங்களில் பிஸ்கட் மாறிப்போனது. வெட்டுக்கிளி மூக்கின் முன்னால் குதித்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கின் கீழே கிடக்கும் கல்லில் ஏற முயன்று பாதியிலேயே வயிற்றைப் போட்டுப் படுத்துக்கொண்டது. சின்னம்மா வருவதற்கு முன் நன்றாக இருந்தது, வந்த பின் நோய்ப்பட்டது. இதற்கு மேல் துப்பறிய என்ன இருக்கிறது? ஆனாலும் நான் கவனமான பிள்ளை. ஆதாரம் தேடினேன்.

முதலாவது, குசினியில் அடுப்படியில் கேட்ட பேச்சு. "இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். பிறகு எல்லாம் முடிஞ்சிடும். பிள்ளைக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று அம்மா சின்னம்மாவிடம் தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டாவது, சின்னம்மாவின் சப்பாத்து. அவர் வெளியே போவதே இல்லை என்று அம்மா எங்களிடம் சொல்லியிருந்தார். ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அந்தச் சப்பாத்து மழையில் நனைந்து, கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருந்தது.

மூன்றாவதை நேரில் கண்டேன். சத்தம் வராமல் படியேறிப்போய் எட்டிப் பார்த்தபோது, சின்னம்மா பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டு இருந்தார். தட்டில் நறுக்கிய கொத்தமல்லி இலை. விரல் நுனியால் ஏதோ வெள்ளைத் தூளை அதன்மேல் தூவிக்கொண்டிருந்தார். என் நிழல் விழுந்ததும் திடுக்கிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து எனக்குக் காட்டினார்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. ஒண்டுமில்லை."

நான் தட்டைப் பறித்துக்கொண்டு கீழே ஓடினேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சோறு தின்றுகொண்டிருந்தார். தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"அப்பா, சின்னம்மா பிஸ்கட்டுக்கு நஞ்சு வைக்கிறா. அம்மாவுக்கும் தெரியும்."

அப்பா வாயில் வைத்த கையை எடுக்கவில்லை. அம்மா அடுப்படியில் திரும்பி நின்றார். எனக்குப் பின்னால் சின்னம்மா இறங்கி வந்தார். கோபப்படவில்லை. மேசையடிக்கு வந்தார், தூள் அதிகமாகப் படிந்த இலையாகப் பார்த்து எடுத்தார், வாயில் போட்டு மென்றார். மென்று விழுங்கிவிட்டு, நாங்கள் பார்ப்பதற்காக வாயைக் கொஞ்சம் திறந்தும் காட்டினார். அடுத்த இலைக்குக் கை போனபோது அம்மா பாய்ந்து வந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"இஞ்ச ஒருத்தரும் உன்னைத் தின்னச் சொல்லேல்லையடி! துப்பு! துப்படி!"

"அது கல்சியம் அக்கா. தின்னலாம்." சின்னம்மாவின் குரல் சாதாரணமாக இருந்தது. பிறகு அப்பாவிடம் சொன்னார், "பிள்ளையில பிழையில்லை அத்தான். நான்தான் சொல்லாமல் செய்திட்டன். அதின்ர கால் நடுங்கினதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு. ஸ்டேசனுக்குப் பக்கத்துக் கடையில கேட்டு வாங்கினனான்."

"கடைக்கோ?" அம்மாவின் முகம் வெளிறியது. "நீ வெளியில போனனியோ? ஆரும் கண்டிருந்தால்?"

தூளைப் பற்றிக் கேட்காமல் கடையைப் பற்றி ஏன் கேட்கிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. விசாரணை தவறான திசையில் போகிறது என்று நினைத்தேன்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து, "உது மருந்தோ நஞ்சோ எண்டு டொக்டர் சொல்லட்டும்" என்றார். அந்த வீட்டில் அவர் ஒரு பக்கம் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. எந்தப் பக்கம் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் பிஸ்கட்டை ஒரு துவாயில் சுற்றி, சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, பார்க்கிங் என்ற பக்கத்து ஊரில் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். மலேசியாவில் இருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெண் அவர். பிஸ்கட்டின் தாடையை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார், காலை நீட்டிப் பார்த்தார்.

"எலும்பு பலவீனமாயிருக்கு. யூவி லைட் வாங்கி எத்தனை நாளாச்சு?"

அப்பா என்னைப் பார்த்தார். "அதோட வந்தது. நல்லா எரியுது" என்றேன் நான்.

"எரியும்மா. வெளிச்சம் வந்துகிட்டேதான் இருக்கும், ஆனா உள்ள யூவி செத்துப்போயிருக்கும். கண்ணால பாத்தா தெரியாது. அந்தக் கதிர் இல்லாம எவ்வளவு கால்சியம் குடுத்தாலும் ஒடம்பு சரியா எடுத்துக்காது. புது லைட் மாத்துங்க, நான் மருந்து தர்றேன்." பிறகு கேட்டார், "இலையில பவுடர் போட்டது யாரு? நல்ல வேலை. விட்டுடாம போடச் சொல்லுங்க."

பேருந்தில் திரும்பி வரும்போது நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீட்டில் எல்லோரையும் சந்தேகித்தவள், நாள் முழுவதும் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்த அந்த விளக்கை மட்டும் ஒருநாளும் சந்தேகிக்கவில்லை. வசந்தம் வந்தபோது பிஸ்கட் கல்லில் ஏறி, வெட்டுக்கிளியைப் பாய்ந்து பிடித்தது. அம்மா, "உந்த ஓணானுக்குக் கொழுப்பு வந்திட்டுது" என்றார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகுதான் அம்மா மற்றதைச் சொன்னார். சித்தப்பாவுக்குச் சந்தேகம். சின்னம்மா யாரோடு கதைத்தார், ஏன் சிரித்தார், கைப்பேசியில் என்ன இருக்கிறது என்று ஓயாத கேள்வி. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார் என்று சொல்லி, அவரைத் தின்ன வைத்துப் பார்த்த பின்தான் கை வைப்பாராம். குளிக்கும்போதும் கதவு திறந்தே இருக்க வேண்டுமாம். அம்மா குசினியில் சொன்ன 'கொஞ்ச நாள்', உள்ளூராட்சிக் கவுன்சில் சின்னம்மாவுக்குத் தனி இடம் கொடுக்கும் வரை அவர் சித்தப்பாவின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்க வேண்டிய நாள்.

அந்தக் குளிர்காலத்தில், மிருக வைத்தியரிடம் போய் வந்த அன்று மாலை அப்பா புது விளக்கைப் பூட்டினார். நான் பெட்டியை எல்லாப் பக்கமும் பார்த்துத் திருப்தியாகி, அறையை விட்டு வெளியே வந்தேன். சின்னம்மா வாசல் வரை வந்து தயங்கி நின்றார்.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ? நான் கதவைச் சாத்தலாமோ?"

"ஓம், சாத்துங்கோ. அது உங்கட அறைதானே."

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. நான் படியில் கால் வைத்தபோது அது மறுபடி திறந்து, மறுபடி சாத்திக்கொண்டது. கொஞ்சம் பொறுத்து இன்னுமொரு தடவை. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஒரு கதவைச் சாத்தக்கூடத் தெரியவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொண்டே கீழே இறங்கிப் போனேன்.