நான் பூட்டிய வாய்க்கால்

இலங்கை மலையகத்தில் நடந்த கலவரத்துக்குத் தப்பி வடக்கே வன்னிக்கு வந்தது எங்கள் குடும்பம். குளத்து நீர் கடைசியாக வந்தடையும் காணிகளே மலையகத்திலிருந்து வந்த எம்மவருக்குக் கிடைத்தன. போருக்குப் பின்னர், எம்மவரில் முதல் ஆளாக என்னை விவசாயிகளின் கமக்காரர் சங்கத் தலைவராகத் தெரிவு செய்தார்கள். அதுவரை "டேய்" என்றழைத்த பெரிய காணிக்காரர் அன்று எனக்கு உட்காரக் கதிரை இழுத்துப் போட்டார். காலம் மாறிவிட்டதென்று நம்பினேன்.

அந்த ஆண்டு சிறுபோகத்தில், கோடைப் பயிரின் நடுவே, குளம் வற்றியது. மேல் வயல்களைக் காப்பாற்றக் எங்கள் காணிகளுக்குப் பாயும் கடைசி வாய்க்காலின் மதகைப் பூட்டுவதென்று சங்கம் முடிவெடுத்தது.

"நாங்கள் பூட்டினா உங்கட சனம், சாதி பாக்கிறம் எண்டு கத்தும். நீங்களெல்லோ தலைவர், நீங்களே பூட்டிப்போட்டு வாங்கோ" என்று சிரித்தார் காணிக்காரர்.

கதிர்விடவிருந்த தன் வயலிலிருந்து என் தங்கை ஓடிவந்தாள். நான் பூட்டி முடிக்கும்வரை வாய்க்கால் கரையில் நின்றாள்.

"அவுங்க பூட்டியிருந்தா ஏசியிருப்பேன், அண்ணே. இப்ப யாரை ஏசுறது?"

அவளுடைய பயிர் கருகியது. அடுத்த ஆண்டும் என்னையே ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். முதலில் உயர்ந்தது காணிக்காரரின் கை. மறுப்பதற்கென்றே எழுந்த நான், நன்றி கூறிவிட்டு அமர்ந்தேன். வாய்க்காலைப் பூட்டியதற்குக் காரணம் சொல்வேன். அந்த நன்றிக்கு என்னிடம் காரணமில்லை.