எட்டாவது சிலிண்டர்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு அதனால் நட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. ஜனவரி கடைசி சனிக்கிழமை, மத்தியானம் 1.40க்குத் தொடங்கி 3.26க்கு முடிந்தது. வண்டி வேலை செய்யும்போது ஒவ்வொரு சோதனையையும் மணியோடு ஓர் அட்டையில் எழுதி வைப்பது என் பழக்கம். அதனால் நேரத்தில் தப்பே இருக்காது.

என் பெயர் செஸ்டர். ஊர் மிச்சிகன் மாநிலத்து பே சிட்டி. நானும் என் அண்ணன் ஃபெலிக்ஸும் பதினொரு வருடமாக ஒரு 1964 போண்டியாக் காரைப் பிரிப்பதும் மாட்டுவதுமாக இருந்தோம். அண்ணி லொரெட்டா அந்தக் காரை "என் சக்களத்தி" என்றுதான் சொல்வாள். போன நவம்பரில் அண்ணன் வீட்டில் மயங்கி விழுந்தான். கணையத்தில் புற்றுநோய். ஜனவரிக்குள் ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். கடைசி நாட்களுக்கென்றே இருக்கும் ஒரு விடுதியில் படுக்க வைத்தோம். இன்றோ நாளையோ என்றாள் நர்ஸ். அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அது ஓடுற சத்தத்தை ஒரு தடவை கேட்டுடணும்டா, செஸ்டர். ஒரே ஒரு தடவை. அப்புறம் நிம்மதியாப் போயிடுவேன்."

அதற்காகத்தான் புதுப்பித்த என்ஜினை என் வீட்டுக் கொட்டகையில் நான் தனி ஆளாகக் காரில் ஏற்றினேன். எண்ணெய் ஊற்றினேன். உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

டக்.

அவ்வளவுதான். என்ஜின் சுற்றவே இல்லை.

1.40. பேட்டரியைப் பார்த்தேன். 12.6 வோல்ட். முகப்பு விளக்கு கண்ணைக் கூசவைத்தது. மறுபடி சாவி. டக்.

1.55. எர்த் வயர். என்ஜினுக்கு ஆசை ஆசையாகப் பெயிண்ட் அடிப்போம், அந்தப் பெயிண்டின் மேலேயே எர்த் வயரை முடுக்கிவிட்டு, கரண்ட் ஏன் போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வோம். பழைய காரோடு மல்லுக்கட்டும் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. நானும் செய்திருந்தேன். இரும்பு தெரியும்வரை சுரண்டி முடுக்கினேன். டக்.

2.10க்குப் பக்கத்து வீட்டு மெல்வின் வந்தான். சர்க்கரை ஆலையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவன்.

"பெயிண்ட் என்னமோ கல்யாண மாப்பிள்ளை கணக்கா ஜொலிக்குது," என்றான். "ஒரு அடி எடுத்து வைக்கத்தான் மாட்டேங்குது."

"வாயை மூடிக்கிட்டு ஸ்டார்ட்டரைக் கழட்டுடா."

கழற்றி மேஜையில் வைத்து, நேராகக் கரண்ட் கொடுத்தோம். விர்ரென்று சுற்றியது. திரும்ப மாட்டினோம். டக். ஆக, கோளாறு வெளியே இல்லை. என்ஜினுக்கு உள்ளே ஏதோ தடுக்கிறது.

2.32. நீளமான கம்பியில் சாக்கெட்டை மாட்டி, என்ஜினின் முன்பக்கத்துப் பெரிய போல்ட்டைக் கையால் திருப்பினேன். முன்னால் அசையவில்லை. பின்னால் திருப்பினால் முக்கால் சுற்றுக்கு மேல் வெண்ணெய் மாதிரி வந்தது. பிறகு நின்றது. மறுபடி முன்னால் திருப்பினேன். பழைய இடத்துக்கு வந்து நின்றது.

இரும்பும் இரும்பும் மோதினால் ணங்கென்று கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை. மெத்தென்று இருந்தது. நான் அழுத்தினேன்... அது திருப்பி அழுத்தியது.

"தள்ளு, நான் பார்க்கிறேன்." மெல்வின் கம்பியைப் பிடித்தான். அவன் முகம் மாறியது. கையை எடுத்துப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான்.

"என்னடா?"

"சூடா இருக்கு."

"ஓடாத என்ஜின் எப்படிடா சூடாகும்?"

"நான் வீட்டுக்குப் போறேன், செஸ்டர். இதை விட்டுரு."

கோட்டைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான். வெளியே முழங்கால் அளவுக்குப் பனி.

2.51. செல்போன் அடித்தது. லொரெட்டா.

"மூச்சு ஒரு மாதிரி இழுக்குது, செஸ்டர். இன்னும் அந்தச் சத்தம் எப்ப வரும்னுதான் கேட்டுக்கிட்டு இருக்கார். ஏதாவது ஆச்சா?"

"பத்து நிமிஷம்," என்றேன். வாய்க்கு வந்த பொய்.

2.58. பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினால் கொஞ்சம் இலகுவாகச் சுற்றும். எட்டில் ஏழு பிளக்கைக் கழற்றி வரிசையாக மேஜையில் வைத்தேன். எட்டாவது ஹீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. கை நுழையவில்லை. அதை விட்டுவிட்டேன்.

கம்பியைப் பிடித்து, என் உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்தேன்.

ஒரு விரல்கடை நகர்ந்தது. உள்ளேயிருந்து ஒரு சத்தம்...

ஹ்ஹ்ம்ம்ம்ம்...

காற்றுதான், பிளக் ஓட்டை வழியாகக் காற்று வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே சத்தம். இந்தத் தடவை நீளமாக. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் கேட்ட ஒரே ஒரு காரியம், அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. அழுதுகொண்டே அழுத்தினேன்.

3.14.

பாம்.

ஹாரன். ஒரே ஒரு தடவை.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் என்ஜினுக்குள் கைவிட்டிருந்தால், இன்னொருவன் சாவியைத் திருப்புமுன் ஒரு தடவை ஹாரன் அடிப்பான். கையை எடு என்று அர்த்தம்.

ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லை.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

நான் கையை எடுத்தேன்.

என்ஜின் சுற்றியது... ஒன்று... இரண்டு... பிடித்துக்கொண்டது.

ஓடியது! எட்டு சிலிண்டரும் சேர்ந்து, கொட்டகைச் சுவர் அதிர, அப்படி ஓடியது. எப்படி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. லொரெட்டாவைக் கூப்பிட்டேன்.

"அவன் காதுல வைங்க! சீக்கிரம், காதுல வைங்க!"

செல்போனை என்ஜின் மேல் நீட்டிப் பிடித்தேன். ஒரு நிமிடம்... இரண்டு... மூன்று...

"நிறுத்து, செஸ்டர்! நிறுத்து!"

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. சந்தோஷத்தில் என்று நினைத்தேன். இணைப்பு அறுந்தது.

அந்த நொடியே என்ஜின் நின்றது.

3.18.

திரும்பினேன். மேஜையைப் பார்த்தேன்.

ஏழு பிளக்கும் அங்கேயே கிடந்தன.

3.26க்கு ஃபெலிக்ஸ் போய்விட்டான்.

அடக்கம் முடியும்வரை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் இருந்தது. ஆனால் அண்ணன் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் போனான் என்ற திருப்தியும் இருந்தது. அது எப்படி ஓடினால் என்ன?

இரண்டு வாரம் கழித்து ஹீட்டர் பெட்டியைக் கழற்றி, எட்டாவது பிளக்கை எடுத்தேன். ஓட்டைக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குறட்டால் பிடித்து இழுத்தேன். கயிறு. இழுக்க இழுக்க வந்தது. ஆறடி நைலான் கயிறு.

அது என் கயிறுதான். வால்வு ஸ்பிரிங் மாற்றும்போது வால்வு உள்ளே விழாமலிருக்க, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றைத் திணித்து வைப்போம். நவம்பரில் எட்டாவது சிலிண்டரை முடித்த நேரம், அண்ணன் விழுந்துவிட்டான் என்று தகவல் வந்தது. தூசி போகக் கூடாதென்று மீதிக் கயிற்றையும் உள்ளே தள்ளி, பிளக்கை முடுக்கிவிட்டு ஓடினேன். அப்புறம் அடியோடு மறந்துபோனேன்.

கயிறு நசுங்கியிருந்தது. ஆனால் கருகவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. உள்ளே அது இருக்கும்வரை பிஸ்டன் முழுதாக மேலே வராது, அந்த என்ஜின் ஒரு முழுச் சுற்று சுற்றியிருக்க முடியாது. ஓடியிருக்கவே முடியாது.

அப்படியானால் அண்ணன் எதைக் கேட்டான்?

நேரே லொரெட்டா வீட்டுக்குப் போனேன். அடக்கத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசவே இல்லை. கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அன்னிக்கு என்ஜின் சத்தம் அவனுக்குக் கேட்டுச்சு இல்லையா?"

"என்ஜினா? எந்த என்ஜின்? நானும் நர்ஸும் பக்கத்துலதானே நின்னோம். ஒரு சத்தமும் வரலை. அவர் குரல்தான் வந்துச்சு. உன் போன்ல இருந்து, ஃபெலிக்ஸ் குரல்."

"என்ன சொல்றீங்க?"

"'திருப்பாதடா, செஸ்டர்... எலும்பு நொறுங்குதுடா... போதும்டா, விட்டுடுடா...'ன்னு கதறிச்சு. மூணு நிமிஷம்."

"அவன் படுக்கையில பிதற்றியிருப்பான்..."

"அவர் வாயே திறக்கலை, செஸ்டர். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அவரும் அதைத்தான் கேட்டுக்கிட்டு இருந்தார்."