குர்ஆன் உறைக்குள் இருந்த கிளினிக் அட்டை

என்னுடைய இரண்டாவது பிள்ளையை எங்கே வைத்துப் பெறுவது என்று எங்கள் வீட்டில் இரண்டு மாதம் கதைத்தார்கள். எல்லோரும் கதைத்தார்கள். வயிற்றைச் சுமந்துகொண்டு நடுவில் இருந்த என்னிடம் மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனைக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. வீட்டு உறுதிப்பத்திரம் என் பெயரில் இருந்தது, கலியாணம் முடித்து அந்த வீட்டுக்கு வந்தவர் என் கணவர். உம்மாவும் வாப்பாவும் பின்னறையில் இருந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்கள் ஊரில் பெண்கள் சொன்னதுதான் சட்டமாக்கும் என்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன்.

பிள்ளை பெற இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டு. மற்றது எங்கள் ஊர் எல்லையில், வயலுக்குப் போகும் பாதையில் இருந்த சின்னப் பிரசவ விடுதி. நாலு கட்டில், ஒரு கிணறு, ஒரு மருத்துவமாது. டொக்டர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். தலைப்பிள்ளையை அங்கே எடுக்கமாட்டார்கள். இரண்டாவதிலிருந்து, சிக்கல் ஒன்றும் இல்லையென்றால், எடுப்பார்கள்.

என் கணவர் கந்தோரில் எழுதுவினைஞர். அவருக்குப் பெரியாஸ்பத்திரிதான். "டொக்டர் இல்லாத இடத்தில பொஞ்சாதிய விட்டனெண்டா கந்தோரில என்னப் பத்தி என்ன கதைப்பாங்க?" என்றார். உம்மாவுக்கு விடுதிதான். ஆஸ்பத்திரியில் நஞ்சுக்கொடியைக் கையில் தரமாட்டார்கள், விடுதியில் கேட்டால் தருவார்கள், வீட்டு வளவுக்குள் புதைக்கலாம். "மூத்தவன்ட கொடிய எங்க கொண்டு போட்டாங்களோ, அதனாலதான் அவன் ஒரு நிமிசம் ஊட்டில தங்குறானில்ல" என்பது உம்மாவின் கட்சி. அவனுக்கு அப்போது மூன்று வயது. எந்த மூன்று வயதுப் பிள்ளை வீட்டில் தங்கும்? மாமா, அதாவது என் கணவரின் வாப்பா, அவரும் விடுதிப் பக்கம்தான். மூத்தவன் ஆஸ்பத்திரியில் காலையில் பிறந்தான். ஆண்களை உள்ளே விடும் நேரம் பின்னேரம்தான் என்பதால், அதுவரை அவன் காதில் பாங்கு சொல்ல முடியவில்லை. "எட்டு மணித்தியாலம் புள்ளட காதில உழுந்தது அட்டென்டன்ட சத்தம்தான்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விடுதியில் ஆண்கள் வாசலைத் தாண்ட முடியாதென்றாலும், பிள்ளையைத் துடைத்தவுடன் மருத்துவமாது வாசலுக்குக் கொண்டுவந்து காட்டுவார்.

பெருமை, கொடி, பாங்கு. எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. எனக்கு ஆள் இல்லை.

என்னுடைய காரணத்தை யாரிடமும் சொல்ல முடியாது. மூத்தவனுக்கு நான் அந்த வார்டில் ஒரு இரவும் ஒரு விடியலும் தனியாகக் கிடந்தேன். உம்மாவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே திரை இல்லை. நோ தாங்காமல் கத்தியபோது ஒருத்தி என் தொடையில் அறைந்து, "கத்தினா புள்ள வந்திருமா? வாயப் பொத்து" என்றாள். வாயைப் பொத்திக்கொண்டேன். பெற்றதைவிட அந்த அறைதான் எனக்குப் பல நாள் வலித்தது. விடுதியில் உம்மா பக்கத்தில் இருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விடுதி மருத்துவமாது பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வருவார். நாங்கள் மிஸ்ஸி என்போம். வாய் கொஞ்சம் நீளம், கை பூப்போல. எட்டாம் மாதக் கிளினிக்கில் என் வயிற்றை இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"டீச்சர், புள்ள குந்திக்கொண்டு இருக்கு. தலை மேல. இப்பிடியே இருந்தா நான் உங்கள வெச்சிருக்க ஏலாது."

"கிறுகாதா மிஸ்ஸி? தலை கீழ வராதா?"

"கிறுகினாலும் கிறுகும். அத நம்பி இருக்கக் கூடாது. வாற கிழமையே பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போங்க. டொக்டர் கையால கிறுக்கிப் பாப்பார். சரிவந்தா திரும்பி என்னட்டயே வாங்க, நான் பாக்கிறன்."

இதையே கிளினிக் அட்டையிலும் எழுதித் தந்தார். ஒழுங்கான புத்தி உள்ளவள் என்றால் அடுத்த கிழமை போயிருப்பாள். நான் போகவில்லை. போவதென்றால் கணவரிடம் சொல்ல வேண்டும். சொன்னால், "பாத்தியா, நான் அப்பவே சொன்னனே" என்று அவர் முகம் மலரும். அந்த மலர்ந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். முப்பது பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் டீச்சருக்கு இருந்த புத்தி அது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா அட்டையை வாங்கினார். உம்மா குர்ஆனைத் தண்ணீர்போல ஓதுவார், ஆனால் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. பரக்கத்தாக, ஆசீர்வாதமாக இருக்கட்டும் என்று அட்டையைக் குர்ஆன் உறைக்குள் சொருகி, உயரத்தில் மாடத்தில் வைத்தார். எங்கள் வீட்டில் வுழூ இல்லாமல், அதாவது தொழுகைக்குப்போலக் கைகால் முகம் கழுவாமல், அந்த உறையை ஒருவரும் தொடுவதில்லை. தொட்டாலும் அதற்குள் கை விட்டுக் கடுதாசி தேடுவதில்லை. என் கணவரும்தான். நான் எல்லாம் தெரிந்துகொண்டு பார்த்துக்கொண்டு நின்றேன். அட்டை அங்கே இருக்கும்வரை அதை யாரும் வாசிக்கப்போவதில்லை என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை இன்று வெட்கமில்லாமல் எழுதுகிறேன். உம்மா ஒவ்வொரு சுபஹ் தொழுகைக்குப் பிறகும் குர்ஆனை எடுத்து ஓதினார். அட்டை அவர் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. "எல்லாம் சுகமாகும் மகள்" என்று என் தலையில் ஊதிவிடுவார்.

அடுத்த கிளினிக்குக்கும் நான் போகவில்லை. தவணைப் பரீட்சைத் தாள் திருத்த வேண்டும் என்று சொன்னேன். பிள்ளை கிறுகும் கிறுகும் என்று வயிற்றைத் தடவிக்கொண்டே தாள் திருத்தினேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு நோ பிடித்தது. கணவர் கந்தோருக்குப் போய்விட்டிருந்தார். உம்மாவுக்கு உள்ளுக்குள் சந்தோசம், ஏனென்றால் முடிவு இப்போது உம்மா கையில். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, உம்மா நிதானமாகக் கிணற்றடிக்குப் போய் வுழூச் செய்து வந்து அட்டையை எடுத்தார். வாப்பா வாடகைக் கார் பிடித்துவந்தார். விடுதிக்குப் போனோம்.

மிஸ்ஸி அட்டையைத் திறந்து தன்னுடைய எழுத்தைத் தானே வாசித்தார். வயிற்றில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்த பார்வையை எப்படிச் சொல்ல?

"டீச்சர், நான் எழுதித் தந்தது என்ன? போனீங்களா இல்லையா?"

நான் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த நோவுக்குக் குனிந்தேன்.

"எழுதினது என்ன? என்ன எழுதினீங்க?" என்று உம்மா மாறி மாறி எங்கள் முகத்தைப் பார்த்தார். மிஸ்ஸி சொன்னார். உம்மா அப்படியே கட்டில் ஓரத்தில் இருந்துவிட்டார். "ஒரு மாசமா என்ட கைக்குள்ளயா இருந்திச்சு, மகள்?" என்று கேட்டார்.

மிஸ்ஸி திட்டிக்கொண்டே அதே காரில் ஏறினார். பெரியாஸ்பத்திரி வரைக்கும் என் கையை விடவில்லை, திட்டுவதையும் விடவில்லை. வார்டு வாசலில் அவரையும் உம்மாவையும் நிறுத்திவிட்டார்கள். கதவு சாத்தப்பட்டது. அதே வார்டு, அதே திரையில்லாத கட்டில். டொக்டர் பார்த்தார், நேரம் போய்விட்டது, வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். கந்தோரிலிருந்து ஓடிவந்த என் கணவரிடம் கையொப்பம் வாங்கினார்கள். இந்தத் தடவை யாரும் என்னை அறையவில்லை. ஒரு தாதி என் நெற்றியைத் துடைத்துக்கூட விட்டாள். அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. இவ்வளவுக்கா நான் இப்படிப் பயந்து ஒளித்தேன்?

மகள் பிறந்தாள். சுகமாக இருந்தாள், அல்ஹம்துலில்லாஹ். கொடி உம்மாவுக்குக் கிடைக்கவில்லை. மாமா மறுபடியும் பின்னேரம்தான் பாங்கு சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் காலை மிஸ்ஸி சைக்கிளில் வந்து தையலைப் பார்த்தார். கோபம் ஆறியிருந்தது. அட்டையை வாங்கிச் சிவப்புப் பேனையால் ஒரு வரி எழுதினார். "அப்ப போயிருந்தா கிறுக்கியிருக்கலாம் டீச்சர். என்னட்டயே பெத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அழுதேன். உம்மா பழக்கத்தில் அட்டையைக் கொண்டுபோய்ப் பழையபடி உறைக்குள் வைத்தார்.

அன்று பின்னேரம் கணவர் என் கட்டிலோரம் வந்து இருந்தார். பிள்ளையின் விரலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"இஞ்ச பாரு புள்ள. எங்கட பிழையும் இருக்கு. உன்னட்ட ஒரு வார்த்த நாங்க கேக்கல்ல. அடுத்த புள்ளைய உனக்கு எங்க விருப்பமோ அங்க பெறு. நான் ஒண்டும் கதைக்க மாட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தையல் இழுத்தது. இரண்டு மாதம் நான் காத்துக் கிடந்த வார்த்தை அதுதான்.

"வுழூச் செய்துபோட்டு அந்த உறைக்குள்ள இருக்கிற அட்டைய எடுங்க" என்றேன். "சிவப்பால எழுதினத வாசிங்க."

அவர் கிணற்றடிக்குப் போய் வந்து அட்டையை எடுத்து வாசித்தார். வயிற்றை வெட்டி எடுத்ததால் இனிப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் ஆஸ்பத்திரியில் மட்டும், விடுதியில் எடுக்க முடியாது என்று அதில் இருந்தது. அவர் இரண்டாம் தடவையும் வாசித்தார். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இஞ்ச தாங்க" என்று வாங்கி, என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.