தோலக்காவின் வெள்ளைத் துண்டு

மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஒரு ஆரஞ்சுத் தோலை எடுத்து முகர்கிறார் தோலக்கா. முகம் சுளிக்கிறது. "பூஞ்சை புடிச்சிருக்கு. நான் ஒண்ணும் குப்பை பொறுக்கல, சரக்கு எடுக்கறேன்னு ஜூஸ் கடைக்காரர்கிட்ட சொல்லுங்க." கொண்டுவந்த ஆள் சிரித்துக்கொண்டே மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொள்கிறார். அவருக்கு இது பழகிப்போன விஷயம்.

தோலக்கா என்றால்தான் இந்தத் தெருவில் தெரியும். வேதியியல் பட்டம், ஒலிபெருக்கியே வேண்டாத குரல், தலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. சாயப்பட்டறையின் கழிவுநீரைச் சுத்தம் செய்வது இவர் வேலை; அதற்குள் வெள்ளை கட்ட வேறு யாருக்கும் துணிச்சல் வராது. கணவர் அதே பட்டறையில் சாய மாஸ்டர். "அவர் கலர் ஏத்துவாரு, நான் இறக்குவேன். வீட்லயும் அப்படித்தான்" என்று கணவர் காதுபடவே சொல்கிறார்.

பட்டறைக் கழிவுநீர் போவது பின்னாலுள்ள வாய்க்காலுக்கு. அந்தத் தண்ணீரை நம்பித்தான் எதிர்க்கரையில் ஒரு சலவைக்கடை. போன வருடம் அங்கே ஆஸ்பத்திரிப் போர்வைகளெல்லாம் ரோஸ் நிறத்தில் காய்ந்தன. கடைக்கார அம்மா புகார் கொடுத்தார். இன்னொரு முறை சாயம் இறங்கினால் பட்டறைக்குப் பூட்டுதான் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றே தோலக்கா, வேறு யாரும் திறக்க முடியாதபடி கழிவுநீர் வால்வின் கைப்பிடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஆரஞ்சுத் தோல் தண்ணீரிலுள்ள சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று படித்தவர்தான். ஆனாலும் முதல் முறை அவசரத்தில் தோலைச் சரியாகக் கழுவாமல், கழிவுநீரை வடிக்கும் டிரம்மில் நிரப்பிவிட்டார். உள்ளே போன நீலம் காணாமல் போனது. தோல் தன் சொந்த நிறத்தை இறக்கிவிட, தண்ணீர் பழுப்பாக வந்தது. "சாயம் போயி டீ வந்திருக்கே, சர்க்கரை போடவா?" என்றாராம் மாஸ்டர். அன்று வீட்டுச் சமையல் மாஸ்டர் தலையில் விழுந்தது. இப்போதெல்லாம் தோலை வேகவைத்து, தண்ணீர் தெளிகிற வரை அலசி, காயவைத்துப் பொடித்த பிறகே டிரம்முக்குள் போடுகிறார்.

நான் போன அன்று சிவப்புச் சாயம். நீலம் மாதிரி சாது இல்லை அது. "கொஞ்சம் புளிப்பு காட்டணும், அப்பதான் வந்து ஒட்டும்" என்று தொட்டியில் அமிலத்தை அளந்து விட்டார். டிரம்மின் அடியில் வந்ததைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து, தலைத்துண்டை அவிழ்த்து டம்ளருக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். எனக்கு அது வெறும் தண்ணீராகத்தான் தெரிந்தது. முதலாளிக்கும்தான். "தொட்டி நிரம்பிடுச்சு, அடுத்த துணியை நனைக்க முடியல. திறந்து விடும்மா" என்று கெஞ்சினார். "சுத்தமாத்தானே இருக்கு?" என்று மாஸ்டரும் ஒத்து ஊதினார்.

"உங்க கண்ணுக்கு என்னைக்கு என்ன தெரிஞ்சிருக்கு? ஓரத்துல ரோஸ் நிக்குது பாருங்க." டம்ளரைத் தொட்டியிலேயே கொட்டினார். சாயம் குடித்த தோலை வாரி மூட்டை கட்டிவிட்டு, புதுத் தோல் நிரப்பச் சொன்னார். முனகிக்கொண்டே முதல் கூடையைத் தூக்கியது மாஸ்டர்தான். இப்படி ஒரு பிடிவாதத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மாலையில், புதுத் தோல் வழியாக வடிந்த தண்ணீரில் ஏற்றிய புளிப்பையும் போக்கிவிட்டு வால்வைத் திறந்தார். எதிர்க்கரையில் சலவைக்கடை அம்மா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். புகார் கொடுத்த நாளிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தோலக்கா வாய்க்கால் படியில் இறங்கினார். தலைத்துண்டை அவிழ்த்து, குழாயிலிருந்து விழும் தண்ணீரில் முக்கி, அலசி, பிழிந்தார். பிறகு அந்த அம்மாவுக்குத் தெரியும்படி, வெள்ளை மாறாத அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.